குறிப்பு: ஒன்றுமில்லை

ஆற்றில் மீன் ஏறி வரவில்லையே என்று ஒருவர் கவலைப்பட்டால் நான் முதலில் அவர் கையைத்தான் பார்ப்பேன். கையில் தூண்டில் இருந்தால் நம்பலாம். அளவு நாடாவும் கேமராவும் இருந்தால் நம்பக்கூடாது. எங்கள் தடுப்பணையை அளக்க வந்த இன்ஜினியரம்மாவின் கையில் இரண்டும் இருந்தன. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த அம்மா மீனுக்காக அழுதார்.

"இந்தத் தடுப்பணையால யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க" என்று என்னிடமே கேட்டார். "வாய்க்கால் இல்ல, மில்லு இல்ல. சும்மா ஆத்துக்குக் குறுக்க ஒரு சுவர் நிக்குது. எடுத்துட்டா மீன் மேல போகும், மணல் கீழ போகும், ஆறு தன் பாட்டுக்கு ஓடும்."

ஆறு ஓடட்டும், நான் எங்கே ஓடுவது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கக்கூடாது என்பது என் கொள்கை.

நான் அந்தத் தடுப்பணையின் மதகுக்காரன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை, அதே வீடு. ஆற்றுத் தண்ணீரை நூற்பாலைக்குத் திருப்பிவிடக் கட்டிய அணை அது. ஆலையை மூடிப் பதினேழு வருடம் ஆகிவிட்டது. இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயின. வாய்க்காலுக்குமேல் கான்கிரீட் பலகை போட்டு, அதன்மேல் செருப்புக் கடையும் செல்போன் கடையும் வந்துவிட்டன. மதகுச் சக்கரம் துருப்பிடித்து இறுகிப்போனது. நான் அதைத் திருகினால் நான்தான் திரும்புவேன், அது திரும்பாது.

ஆனால் பதவி இருந்தது. பதவி இருந்ததால் வேலையும் இருக்க வேண்டும் அல்லவா? காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அணையோரம் நட்டிருக்கும் அளவுகோலில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன். தேதி, நேரம், மட்டம், மதகு நிலை, குறிப்பு என்று ஐந்து கட்டங்கள். அணைக்குப் பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, ஒரு சமையலறை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு நானும் என் மனைவியும் மட்டும்தான். ஓய்வுபெற இரண்டு வருடமும் நான்கு மாதமும் பாக்கி. அணை போனால் பதவி போகும். பதவி போனால் அன்றைக்கே வீடும் போகும்.

ஆகவே எனக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை. அணைக்குப் பின்னால் ஐம்பது வருட மணல் குவிந்து கிடந்தது. மணலுக்கு ஆசைப்படாத மனிதன் பூமியில் உண்டா? என் மனைவியின் தம்பியிடம் இரண்டு பொக்லைனும் ஒரு லாரியும் இருந்தன. அவன் போன மாதம் இரண்டு முறை வந்து அணையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனான். அக்காவைப் பார்க்க வந்தேன் என்றான். அக்கா அடுப்படியில் இருக்கும்போது ஆற்றங்கரையில் என்ன வேலை?

இரண்டாம் தேதி ஓவர்சீயர் வந்தார். வழக்கமாக வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பவர், அன்று இறங்கி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.  என் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு அறையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஈரத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே அத்தனை வெயில் அடிக்க, துணியை வீட்டுக்குள் காயப்போடுகிற பெண்பிள்ளையை நான் அவளைத் தவிர எங்கேயும் பார்த்ததில்லை. ஓவர்சீயர் தலையில் சொட்டாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அணையை எடுக்கிறதுக்கு விசாரணை வெச்சிருக்காங்க. ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை" என்றார். "மீனு, மணலு, அதெல்லாம் விடு. அதுக்கெல்லாம் பதில் இருக்கு. இதுதான் சிக்கல்."

மடித்த இரண்டு தாள்களை நீட்டினார். ஒரு மனுவின் நகல். கையெழுத்து இல்லை, பெயர் இல்லை. மொட்டைக் கடுதாசி. டைப் அடித்திருந்தது.

அணையின் அடியில் செத்தவர்களின் பட்டியல் அது.

இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அணை உயரமில்லை. ஒரு ஆள் உயரம்தான். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி வழிந்து இறங்கும். பார்ப்பவர்களுக்குக் குளிக்க ஆசை வரும். ஆனால் கீழே விழுந்த தண்ணீர் முன்னால் போகாமல் திரும்பி வந்து சுவரையே முட்டும், மறுபடி அடியில் போகும், மறுபடி திரும்பும். ஒரு பந்து விழுந்தால் நாள்கணக்கில் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். ஆள் விழுந்தாலும் அப்படித்தான். நீச்சல் தெரிந்தவன் கொஞ்சம் கூடுதல் நேரம் உருளுவான், அவ்வளவுதான்.

பட்டியலில் ஏழு பேர். தேதி, நேரம், என்ன உடுத்தியிருந்தார்கள், எந்தப் பக்கக் கரையில் இறங்கினார்கள் எல்லாம் இருந்தது. நாலாவது இப்படி: "ஆறு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் பத்தொன்பது, மதியம் மூன்று மணி. மோட்டார் சைக்கிள் கழுவ வந்தவர். நீலக் கட்டம் போட்ட சட்டை. கயிறு வீசப்பட்டது. பிடித்துக்கொண்டார். இழுக்க முடியவில்லை. விட வேண்டியதாயிற்று."

"ஏழு பேரு செத்திருக்காங்களா?" என்று கேட்டார் ஓவர்சீயர், என் முகத்தைப் பார்க்காமல்.

"எனக்கு அஞ்சு பேரைத் தெரியும்."

"உனக்கு ஒருத்தரையும் தெரியாது" என்றார். "பதிவேட்டுல என்ன இருக்கு? இருபத்திரண்டு வருஷமா குறிப்புக் கட்டத்துல 'ஒன்றுமில்லை'ன்னு இருக்கு. மேல இருக்கிறவரு உன்னைக் கூப்பிட்டு, பதிவேடு சரியான்னு கேப்பாரு. சரின்னு சொல்லு. ஒரே வார்த்தை. மொட்டைக் கடுதாசி குப்பைக்குப் போகும், அணை நிக்கும், நீயும் மரியாதையா ரிட்டயர் ஆகலாம். தப்புன்னு சொன்னேன்னு வெச்சுக்கோ, உனக்கும் எனக்கும் சேர்த்து ஓலை வரும்."

அந்த 'ஒன்றுமில்லை'யின் கதை இது. குறிப்புக் கட்டத்தில் ஏதாவது எழுதினால், ஏன் எழுதினாய் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். விளக்கம் எழுதினால் விசாரணை வரும். எனக்கு முன்னால் இருந்த மதகுக்காரர் வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டார், மாதம் பிறந்ததும் முப்பது நாளைக்கும் சேர்த்து அந்தக் கட்டத்தை நிரப்பிவிடு, ஒரு வேலை மிச்சம் என்று. நானும் அப்படியே செய்தேன். முதல் தேதி காலையில் டீ குடித்துக்கொண்டே 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று பக்கம் முழுக்க இறக்கிவிடுவேன். பிறகு ஒருநாள் எவனாவது செத்துத் தொலைத்தால், ஏற்கனவே எழுதிவிட்டேனே? அடித்துத் திருத்தினால் பக்கத்தில் மேலதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடுவாரா? பிணமும் இரண்டு நாள் கழித்து நாலு மைல் தள்ளி, வேறு ஸ்டேஷன் எல்லையில் ஒதுங்கும். எங்கள் கணக்கில் வராது. அத்தனை வசதியான அணை அது.

ஓவர்சீயர் போன பிறகு மனுவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். செத்தவர்களை நினைத்தேனா என்றால், இல்லை. எழுதியவன் யார் என்றுதான் மண்டையைக் குடைந்தது. நேரம் தெரிகிறது, சட்டையின் கட்டம் தெரிகிறது, கயிறு வீசியது தெரிகிறது. கரையில் நின்று பார்த்தவன்தான் எழுத முடியும். கூடவே இருந்து குழி பறிக்கிறான் யாரோ.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே டைப் அடிக்கும் ஜெராக்ஸ் கடை ஒன்றுதான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தாளைப் பார்த்தார்.

"நம்ம கடை எழுத்துதான். 'ற' கொஞ்சம் மங்கலா விழும் பாருங்க."

"யாரு வந்து அடிச்சாங்க?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க. நீங்க உங்க மேலதிகாரி பத்தி ஒரு மனு அடிச்சீங்களே, அதை நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அதற்குமேல் நான் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இன்ஜினியரம்மாவின் செருப்பு. சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் பேச்சு கத்தரித்த மாதிரி நின்றது. அந்த அம்மா எழுந்து, "வரேங்க்கா" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவாம். எப்போதிலிருந்து?

"எதுக்கு வந்தா?"

"தண்ணி கேட்டாங்க."

"தண்ணி குடிக்க முக்காலி எதுக்கு?"

"நின்னுகிட்டே குடிச்சா விக்கும்" என்றாள். கண்ணை நிமிர்த்தாமல் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு சாப்பாட்டில் எனக்கு உப்புக்கூடச் சந்தேகமாக இருந்தது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மணலுக்காக மச்சினன் ஆள் பிடித்திருக்கிறான். இன்ஜினியரம்மா அவன் ஆள். என் மனைவியிடம் நைசாகப் பேசி, அவளுக்கே தெரியாமல் விஷயத்தைக் கறந்து மனுவாக்கிவிட்டார்கள். பாவம், அவள் வெள்ளந்தி. எனக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது.

மச்சினனின் ஷெட்டுக்குப் போனபோது அவன் பொக்லைன் அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. காலோடு பேசுவதிலும் ஒரு வசதி இருக்கிறது. முகம் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளகும்.

"மாப்ள, உனக்கு மணல் வேணும்னா வேற ஆத்தைப் பாரு. என் பொழப்புல ஏன் மண்ணைப் போடுறே?"

கால் அசையவில்லை. பிறகு மெதுவாக முழு ஆளும் வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ்.

"என்ன மாமா சொல்றீங்க?"

மனுவை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். மடியில் கனம் இருந்தால் முகத்தில் தெரியும். நாலாவது வரியில் அவன் முகம் மாறியது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அணையை இடிக்கிற வேலைக்கு நான் டெண்டர் போடவே இல்ல மாமா" என்றான். "போடக்கூடாதுன்னு அக்கா சொல்லிடுச்சு. நான் இதுல காசு பார்த்தா, அதுக்காகத்தான் எழுதினேன்னு நீங்க சொல்லுவீங்களாம்."

"யாரு எழுதினேன்னு?"

அவன் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். "அக்கா ஏன் துணியை வீட்டுக்குள்ளயே காயப்போடுது? என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அன்று நான் இரண்டு டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரமாக்கினேன். நான் எழுதாமல் விட்டதையெல்லாம் பார்க்க இரண்டு கண்ணும் கேட்க இரண்டு காதும் இருந்திருக்கின்றன, அதுவும் என் வீட்டுக்குள்ளேயே. ஊரெல்லாம் திருடனைத் தேடிவிட்டு வீட்டுக்கு வந்த கதை. ஆனால் இங்கே திருடன் யார் என்பதில்தான் குழப்பம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மனுவை எடுத்து அவள் முன்னால் போட்டேன். எடுத்துப் பார்க்கவில்லை. அதிலிருந்தே தெரிந்துவிட்டது.

"நீயா?"

"ஆமாங்க."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வருத்தம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "இருக்கிற வீட்டை இடிக்க மனு போட்டிருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா? ரெண்டு வருஷம் பொறுக்க முடியாதா? ரோட்டுல போய் நிக்கணும்னு ஆசையா?" என்று கத்தினேன். அவள் ஒரு சட்டையின் கையை உள்பக்கமாக மடித்து, பிறகு பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கயிறை வீசினது நான்தாங்க" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

"வெளியில கட்டியிருந்த துணிக்கொடி. சத்தம் கேட்டு ஓடினேன். வேற ஒண்ணும் கைக்குக் கெடைக்கல. கொடியை அத்து வீசினேன். எட்டிச்சு. பிடிச்சுக்கிட்டாரு. என்னைப் பார்த்து, அக்கா விட்டுடாதீங்கன்னாரு." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காய்கறி விலை சொல்வதைப் போலச் சொன்னாள். "இழுத்தேன். வரல. அந்தச் சுழி அவரை உள்ள இழுக்குது, கூடவே என்னையும் இழுக்குது. பாசியில கால் வழுக்கிடுச்சு. இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா நானும் உள்ள. விட்டுட்டேன். நானாத்தான் விட்டேன். கை தானா நழுவல."

 கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. ஒரு ஆளு போயிட்டாருன்னு சொன்னேன். நீங்க ரெண்டு கேள்வி கேட்டீங்க. எத்தனை மணிக்குன்னு கேட்டீங்க. கொடிக்கயிறு எங்கேன்னு கேட்டீங்க. அப்புறம் மணி ஆறாச்சுன்னு மட்டம் பாக்கப் போயிட்டீங்க."

ஞாபகம் வந்தது. கயிறு அளவுகோலைச் சுற்றித் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. நான்தான் எடுத்துவந்தேன். பொறுப்பில்லாதவள் என்று அவளைத் திட்டியதும் ஞாபகம் வந்தது. மூன்று நாள் திட்டினேன்.

"மனு போடுறதுக்கு முன்னாடியாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றேன். என் குரலில் இப்போது தெம்பில்லை.

"சொல்லியிருந்தா அதையும் ஒண்ணுமில்லைன்னு எழுதியிருப்பீங்க."

அதற்குப்பின் ஐந்து நாள் நாங்கள் அதிகம் பேசவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. துணி உள்ளேயே காய்ந்தது. நான் அந்தத் துணிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று காலையில் தோன்றும். மாலை மட்டம் பார்க்கப் போனால், இந்தச் சுவர் இருப்பதால்தானே என் தலைக்குமேல் கூரை இருக்கிறது என்று தோன்றும். செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஐம்பத்தேழு வயதில் எனக்கு வாடகைக்கு வீடு தேடத் தெரியாது. அவள் ஒரு வார்த்தைகூடக் கெஞ்சவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கெஞ்சாத ஆள் வேறு ஏற்பாடு செய்திருப்பார்.

புதன்கிழமை ஓவர்சீயர் போனில் கூப்பிட்டார். "ஒரே வார்த்தை. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

வியாழக்கிழமை காலை சட்டையைப் போட்டுக்கொண்டு, "நீ வரியா?" என்று அவளைக் கேட்டேன்.

"நீங்க முன்னாடி போங்க. நான் தம்பியோட வரேன்" என்றாள்.

சரிதான், எனக்கு எதிராகச் சாட்சி சொல்லத்தான் தம்பியைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பதிவேடுகளைப் பையில் போட்டுக் கிளம்பினேன்.

விசாரணை எங்கள் துறை அலுவலகத்தின் மாடியில் ஒரு நீளமான அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நாற்பது இருக்கும். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை டொக்கென்று சத்தம் போட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். இன்ஜினியரம்மா எழுந்து மீன், மணல், சுவரில் விட்ட விரிசல் என்று படம் போட்டுக் காட்டினார். சிலர் கொட்டாவி விட்டார்கள். ஓவர்சீயர் எழுந்து, அணைக்கு மராமத்து செய்தால் போதும், இன்னும் நாற்பது வருடம் நிற்கும் என்றார். பிறகு அதிகாரி மனுவைக் கையில் எடுத்தார். என் மனைவி கடைசி வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயிர்ச்சேதம் நிஜம்னா வேற எதுவும் பேச வேண்டியதில்ல, அணையை எடுத்துத்தான் ஆகணும்" என்றார் அதிகாரி. "ஆனா இது மொட்டைக் கடுதாசி. இதை வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. துறைப் பதிவேடு என்ன சொல்லுது? மதகுக்காரர் யாரு?"

எழுந்து நின்றேன். பதிவேடுகளை மேசையில் வைத்தேன். அவர் ஆறு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தை எடுத்து, விரலை ஓட்டி, சத்தமாகப் படித்தார்.

"ஆகஸ்ட் பத்தொன்பது, மாலை ஆறு மணி. மட்டம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். மதகு மூடியது. குறிப்பு ஒன்றுமில்லை." கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "இது சரிதானே?"

ஓவர்சீயர் எனக்காகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். 'சரி' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நான் ஒன்றும் நல்லவனாக மாறிவிடவில்லை. ஆனால் நான் எழுதியதை வேறொருவர் வாயால் அன்றுதான் கேட்டேன். மூன்று மணிக்கு ஒரு ஆள் அக்கா என்று கூப்பிடுகிறான், அவள் கையை விடுகிறாள், ஆறு மணிக்கு ஒன்றுமில்லை. அந்த ஆளைக்கூட விடுங்கள். அவளுக்கு நடந்ததும் ஒன்றுமில்லைதானா?

"மட்டம் சரிங்க" என்றேன். "குறிப்பு தப்பு."

ஓவர்சீயரின் தலை நின்றது.

"தப்புன்னா?"

"இந்த மாசப் புத்தகத்தை எடுங்க. ஆமாங்க, அதான். இன்னிக்கு என்ன தேதி?"

"ஒன்பது."

"குறிப்பு எதுவரைக்கும் எழுதியிருக்குன்னு பாருங்க."

அவர் பக்கத்தைப் புரட்டினார். விரல் ஒன்பதைத் தாண்டியது, பதினைந்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது. கட்டத்தின் அடியில் முப்பத்தொன்றில் போய் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரும் கூடச் சேராததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எல்லா மாசமும் இப்படித்தானா?"

"இருபத்திரண்டு வருஷமும். முதல் தேதியே எழுதிடுவேங்க. அப்புறம் செத்தவங்களுக்கு அதுல இடம் இல்ல."

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுங்க. அந்தப் பட்டியல்ல அஞ்சு பேரை எனக்குத் தெரியும். அதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன். மீதிக்கு எழுதினவங்க போடுவாங்க. இங்கதான் இருக்காங்க."

பேனாவை வாங்கிப் போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் எழுந்து வந்துவிட்டாள். என் தோளை உரசாமல் குனிந்து, என் பெயருக்குக் கீழே தன் பெயரை நிதானமாக எழுதினாள். அவள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருடமாகிறது என்று நினைத்தேன். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப்பின் நடந்தவை சீக்கிரம் நடந்தன. அணையை எடுக்கலாம் என்று பரிந்துரைப்பதாக அதிகாரி எழுதிக்கொண்டார். என் விளக்கம் பத்து நாளில் வர வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார். ஓவர்சீயர் என்னைக் கடந்து போகும்போது காறித் துப்பவில்லை, அவ்வளவுதான் மரியாதை. இன்ஜினியரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. பொய் சொல்வானேன், அவள் என்னைப் பெருமையாகப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். படி இறங்கும்போது அந்த முகத்தைக் கற்பனை செய்துகொண்டே இறங்கினேன்.

கீழே வாசலில் மச்சினனின் லாரி நின்றிருந்தது. பின்பக்கம் சாமான்கள் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தது. இவ்வளவு சீக்கிரம் வீட்டைக் காலி பண்ணிவிட்டார்களா என்று கிட்டே போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன்.

அவளுடைய தையல் மெஷின். அவளுடைய டிரங்குப் பெட்டி. ஒரு மெத்தை, ஒரு தலையணை. சின்ன அடுப்பு. ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

எல்லாம் ஒன்று ஒன்றுதான். என்னுடையது எதுவும் இல்லை.

நான் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு ஏற்றியிருக்க வேண்டும். அதாவது நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. ஊரில் ஒருவர் விடாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என்னை ஒருத்தி சந்தேகப்படுவாள் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அவள் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"என் பெட்டியைக் காணோமே" என்றேன்.

"நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சொல்லிட்டேனே."

"ஆமா" என்றாள். "சொன்னீங்க." என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்து எறிந்தாள்.  மச்சினன் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போய் என் சாமானையும் ஏத்திடலாமா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் தம்பி வீட்டுல இருக்கேங்க. யோசிச்சுச் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாளுதான் நிஜம் சொல்லியிருக்கீங்க. இருபத்திரண்டு வருஷம் இருக்கில்ல."

லாரியின் முன்பக்கம் ஏறி, கதவை இரண்டு முறை இழுத்துச் சாத்தினாள். அது முதல்முறையில் சரியாகச் சாத்தாது. வண்டி கிளம்பித் தெருமுனையில் திரும்பும்வரை அவள்மேல் கோபப்பட ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அன்று காலை அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும்வரை நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.